வந்தவருக்குச் சொல்வதா, மறைப்பதா?

ஒரு பெருந்துன்பம் நிகழ்ந்துவிட்டது. ஊரார் எல்லாரும் அதனை அறிவர். அறியாதவர் ஒருவரே, அவரும் இப்பொழுதுதான் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கிறார். வழிநடைக் களைப்பு இன்னும் தீரவில்லை. முகத்தில் சிரிப்புக்கூட இருக்கிறது. சூழ நிற்கும் தோழர்கள் அவருக்கு உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? காவியத்திலும் நாடகத்திலும் நாவலிலும் சினிமாவிலும் இக்கட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும்போதும் பார்க்கும்போதும் பெரும்பாலும் மறைப்பவர் பக்கமே நாம் சாய்கிறோம். "பாவம், இன்னும் சிறிது நேரமாவது சந்தோஷமாக இருக்கட்டுமே" என்று நம் நெஞ்சு சொல்கிறது. கதையிலே அவ்வாறு சாயும் நெஞ்சுதான் வீட்டிலும் தோட்டத்திலும் அவ்வாறே சாய்கிறது. ஆகையால் இதனை வெறும் ஏட்டு விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

தந்திக் காலத்தை அறிந்தோர் வாசகர்களுள் இன்னும் பலர் இருப்பர். தகப்பனாருக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வா என்று தந்தி வரும். அதன் பொருள் என்னவென்று லயத்திலுள்ள குழந்தைக்கும் தெரியும் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தந்தியைப் பெற்றவன் மட்டும், உடம்பு மோசம் என்றுதானே எழுதியிருக்கிறது, உயிர் இருக்கத்தானே வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புறப்படுவான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு தந்திச் சேவை நின்றுபோயிற்று. அவ்வாக்கியமோ இன்று கைப்பேசியில் வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்திருக்கும் நம் போன்றோர் அதனை அடிக்கடி கேட்கிறோம். "ஐயா, சாவு என்று சொல்லிவிடாதீர்கள், நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவையுங்கள்" என்பார் மறுமுனையில் பேசுகிறவர்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுதல் நலம். பசியோடு வந்தவனை ஒரு வாய் சாப்பிடச் செய்து, உட்கார வைத்து, பிறகு சொல்வதை நாம் மறைப்பில் சேர்க்கவில்லை. அது வேளை பார்த்துச் சொல்வது. நம் பெண்கள் பரம்பரையாக அறிந்த மரியாதை. நாம் கேட்பது அதனைக் கடந்த ஒன்று. வேளை வந்த பின்பும் சொல்லாதிருப்பதும், கேட்ட பின்பும் வேறொன்றைச் சொல்லி அனுப்புவதும் தகுமா?

இவ்விடத்தில் திருக்குறளைத் துணைக்கு அழையாதார் இல்லை. வாய்மை அதிகாரத்து இரண்டாம் குறள், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கும் என்கிறது. ஆகவே துக்கத்தை மறைக்கச் சொல்லும் பொய் பொய்யன்று என்பர். இவ்வாறு கூறுவோர் அக்குறளின் நிபந்தனையை மெல்ல விழுங்கிவிடுகின்றனர். குற்றமற்ற நன்மை என்றல்லவோ வள்ளுவர் கட்டுப்பாடு வைத்தார்? யாருக்கு நன்மை? அதனை அளந்தவர் யார்? அழுகின்ற முகத்தைப் பார்க்க அஞ்சி மறைத்தவர், தமக்குக் கிடைத்த ஆறுதலையே வந்தவருக்குச் செய்த நன்மையாக எண்ணிக்கொள்வது மிக எளிது. ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மவருள் சிலர் மறுபுறம் சென்று, கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் கூறலாகாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1797இல் எழுதியதைக் காட்டுவர். அந்த வாதத்தை இங்கே நீட்ட வேண்டியதில்லை. நம் வாசலில் நிற்பவன் கொலைகாரன் அல்லன். நம்மை நம்பி வந்த தோழன்.

நூல்களுக்கு வருவோம். முதலில் பரதனை எடுத்துக்கொள்வோம். தசரதன் இறந்துவிட்டான். இராமன் இலக்குவனோடும் சீதையோடும் காடு சென்றுவிட்டான். பரதனோ கேகய நாட்டில் பாட்டனார் வீட்டில் ஒன்றும் அறியாதிருக்கிறான். வசிட்டன் தூதரை அனுப்புகிறான். வான்மீகியின் நூலில் அவன் இடும் கட்டளை தெளிவானது: அரசன் இறந்ததையும் இராமன் நாடு நீங்கியதையும் பரதனிடம் சொல்லலாகாது. கம்பரும் இக்கட்டத்தை விட்டுவிடவில்லை. தந்தை நலமா என்று பரதன் கேட்கிறான். நலமே என்ற விடை கேட்டு மகிழ்கிறான். அம்மகிழ்ச்சியோடு அவன் ஏழு நாள் வழி வருகிறான்.

வசிட்டனைக் குறை கூறுதல் எளிதன்று. நாடு அரசனின்றிக் கிடக்கிறது. அரசனின் உடலை எண்ணெயில் இட்டு வைத்திருக்கிறார்கள். கடன் செய்ய மகன் வந்தாக வேண்டும். அயல் நாட்டில் நின்று இச்செய்தியைக் கேட்டால் அவன் என்ன ஆவானோ, கேகய வேந்தன் என்ன நினைப்பானோ! மேலும், வழியிலே பரதன் செய்யக்கூடியது யாது? தேரை விரைந்து செலுத்துவது தவிர வேறொன்றும் இல்லை. அறிந்தாலும் அறியாவிட்டாலும் அவன் செய்கை ஒன்றே. ஆதலின் தேர் ஓடும் மட்டும் தூதர் வாய் மூடியிருந்ததை நாமும் பொறுத்துக்கொள்வோம்.

ஆனால் தேர் ஓரிடத்தில் நின்றுவிடுகிறதே! அயோத்தியின் வாயிலை அடைகிறான். நகரம் பொலிவிழந்து கிடக்கிறது. வழக்கமான ஒலி ஒன்றும் இல்லை. ஏதோ நேர்ந்துவிட்டது என்று அவன் நெஞ்சு துடிக்கிறது. இனி அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அச்செய்தியைப் பொறுத்தது: எந்த மாளிகைக்குள் நுழைவது, யார் காலில் விழுவது, யாரிடம் பேசாதிருப்பது. உடன் வந்தவர்களோ இப்பொழுதும் வாய் திறக்கவில்லை. தந்தையின் மாளிகையில் தந்தையைக் காணாமல் அவன் தாயினிடம் போகிறான். கைகேயியின் வாயால் கேட்கிறான்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்கிறோம். அயோத்தி மக்கள் அத்தனை பேரிலும் அச்செய்தியைச் சொல்லத் தகாதவர் ஒருவர் உண்டெனில் அவர் கைகேயியே. அன்புடையோர் எல்லாரும் அன்பின் காரணமாக மறைத்து மறைத்து, கடைசியில் சொல்லும் வேலையை அவளிடம் விட்டுவிட்டார்கள். அவள் வாயில் அது துக்கச் செய்தியாகவா வந்தது? உனக்கு அரசு கிடைத்தது என்னும் சுபச் செய்தியின் முன்னுரையாக வந்தது! பின்னர்ப் பரதன் கோசலையிடம் போகிறான். அவளோ, இச்சூழ்ச்சியை இவனும் முன்னரே அறிந்திருப்பானோ என்று ஐயுறுகிறாள். அவன் சபதத்தின்மேல் சபதம் செய்து தன்னைக் குற்றமற்றவன் என்று காட்ட வேண்டியதாயிற்று. நகர வாயிலில் ஒரு நல்ல கிழவன் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, நடந்தது இது, முதலில் கோசலையிடம் போ என்று சொல்லியிருந்தால், அழுகை குறைந்திராது. இந்த அவமானமாவது குறைந்திருக்கும் அன்றோ? நாம் மறைப்பதனால் செய்தி செத்துப்போவதில்லை. அது வேறொருவர் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. அந்த வாய் யாருடைய வாய் என்று மறைப்பவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இனிச் சிலப்பதிகாரம். நம் கேள்விக்கு இதனினும் பொருத்தமான இடம் தமிழில் இல்லை என்பது நம் எண்ணம். கண்ணகி மதுரைக்குப் புதியவள். புகார் நகரத்துப் பெருவணிகன் மகளாய்ப் பிறந்து, காடும் வெயிலும் கடந்து கணவனோடு நடந்து வந்தவள். கவுந்தியடிகள் அவளை மாதரி என்னும் ஆயர் குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரியின் மகள் ஐயை அவளுக்குத் துணை. அவளுக்கு ஊரும் தெரியாது, உறவும் கிடையாது. அறிந்தவர் அவ்வாயர்பாடிப் பெண்களே. அன்று தன் கையால் சமைத்துக் கணவனுக்கு உணவிட்டாள். அவன் அவள் சிலம்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு விற்கப் போனான். போனவன் பொற்கொல்லன் சூழ்ச்சியாலும் ஆராயாத அரசன் ஆணையாலும் கள்வன் என்று வெட்டுண்டான்.

பாடியிலே தீக்குறிகள் தோன்றுகின்றன. பிரையிட்ட பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வழிகிறது. வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று மாதரி அஞ்சுகிறாள். அஞ்சியவள் என்ன செய்கிறாள்? கண்ணகியும் காணும்படி குரவை ஆடுவோம் என்று பெண்களை அழைக்கிறாள். என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் அப்போது அறியார்; அறியாத அச்சத்துக்குத் தெய்வத்தை நினைந்து ஆடுகிறார்கள். ஆயினும், வந்த விருந்தாளியை நடுவில் உட்கார வைத்து அவள் முன்னே ஆட்டமும் பாட்டும் நடக்கிற அக்காட்சியைப் படிக்கும்போது நமக்கு நம் வீடுகளே நினைவுக்கு வருகின்றன. கெட்ட செய்தி ஒன்று வாசலுக்கு வருமுன், வந்தவரிடம் நாம் எவ்வளவு அதிகமாகப் பேசுகிறோம், எத்தனை முறை காப்பி கொடுக்கிறோம்!

ஆட்டம் முடிகிறது. மாதரி வையையில் நீராடப் போகிறாள். அப்பொழுது நகருக்குள் எழுந்த ஆரவாரத்தைக் கேட்ட ஒருத்தி விரைந்து வருகிறாள். வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணகி முன் வாய் பேசாது நிற்கிறாள். இளங்கோவடிகள் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. உரையோடு சிலப்பதிகாரம் 1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்த நாளிலிருந்து எத்தனையோ அறிஞர் கண்ணகியைப் பற்றியும் பாண்டியனைப் பற்றியும் எழுதிவிட்டனர். இப்பெயரற்ற பெண்ணை நின்று பார்த்தோர் குறைவு.

அவள் மறைக்க வந்தவளா? மறைக்க நினைத்தவள் ஓடி வருவாளா? சொல்லவே வந்தாள், முகத்தைக் கண்டதும் சொல் எழவில்லை. இம்மௌனத்துக்கும் பரதனோடு வந்த தூதரின் நலமே என்ற விடைக்கும் உள்ள தூரம் பெரிது. இவள் நிற்பதிலேயே கண்ணகிக்குப் பாதி தெரிந்துவிடுகிறது. தோழி, தோழி என்று மும்முறை கேட்கிறாள்: அவர் வரவில்லையே, என் நெஞ்சு பதைக்கிறதே, அயலார் ஏதோ பேசுகிறார்களே, அது என்ன? பரதன் வீதியைக் கண்டு அஞ்சியதும் இத்தகையதே. புதிதாக வந்தவருக்குச் செய்தி தெரியாமலிருக்கலாம். செய்தி ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போவதில்லை. முழுச் சிரிப்போடு ஏமாந்திருக்கும் புதியவர் கதைகளிலேதான் உண்டு. வாழ்க்கையில் அவர் அரைகுறையாய் அறிந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார்.

கண்ணகிக்கு இது நன்றாகவே தெரியும். மறுபுறத்திலும் அவள் நின்றிருக்கிறாள். கோவலன் மாதவி வீட்டில் கிடந்த நாட்களில் அவன் பெற்றோர் வருந்தக்கூடாதென்று அவள் தன் துயரை மறைத்தாள். அவர்கள் முன் பொய்யாகச் சிரித்தாள். அச்சிரிப்பே தன் நோயைக் காட்டிக்கொடுத்து அவர்கள் உள்ளத்தை வருத்திற்று என்று கொலைக்களக் காதையிலே கணவனிடம் அவளே சொல்லுகிறாள். முதியோர் ஏமாறவில்லை, மருமகள் தம்மிடம் சொல்லாமல் தனியே அழுகிறாள் என்னும் துன்பமும் அவர்களுக்குச் சேர்ந்தது. அவ்வளவே மறைப்பின் பயன்.

கடைசியில் அப்பெண் சொல்லிவிடுகிறாள்: அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் என்று கொலை செய்தார்கள். கண்ணகி விழுகிறாள், அழுகிறாள், எழுகிறாள். ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி நகருக்குள் நடக்கிறாள்.

இப்பொழுது ஒரு கற்பனை செய்து பாருங்கள். அப்பெண்கள் தமக்குள் கூடி, "இரவாகிவிட்டது, வந்த இடத்தில் இந்தப் பெண் தாங்கமாட்டாள், கவுந்தியடிகள் வந்து பக்குவமாகச் சொல்லட்டும்" என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதனைவிட இரக்கமுள்ள முடிவு வேறில்லை என்று நாமும் தலையசைத்திருப்போம். ஆயின் மதுரை மாநகரிலே கோவலன் கள்வன் அல்லன் என்று காட்டத்தக்க சான்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அச்சான்று கண்ணகியிடம் இருந்தது. ஆய்ச்சியருக்கு அது தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவர்கள் அறிந்தது செய்தியின் கொடுமை மட்டுமே; அச்செய்தியைக் கொண்டு கண்ணகி என்ன செய்யக்கூடும் என்பதை அவர்கள் எவ்வாறு அளக்க இயலும்?

வந்தவர் தாங்குவாரா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அது நமக்குத் தெரியாது. ஆதலால் அதனை அவருக்காக நாமே தீர்மானிக்கும் உரிமையும் நமக்கு இல்லை. இந்த ஒரு காரணமே போதும் என்று நாம் நினைக்கிறோம்.

நம் நண்பர் ஒருவர், ஈப்போவில் கடை வைத்திருப்பவர், இதனை ஒப்பவில்லை. அவள் சொல்லாதிருந்தால் அரசனும் அரசியும் இறந்திருக்க மாட்டார்கள், மதுரையும் எரிந்திராது என்றார். வியாபாரி அல்லவா, இலாப நஷ்டக் கணக்குப் போட்டுவிட்டார்! மதுரை எரிந்தது அரசன் ஆராயாமையால்; ஆய்ச்சி சொன்னதால் அன்று. அவள் சொல்லாதிருந்தால் கோவலன் கள்வனாகவே இருந்திருப்பான். களவாடிய பொற்கொல்லன் நல்லவனாகவே இருந்திருப்பான். அரசனும் நீதிமானாகவே உறங்கியிருப்பான். அந்த அமைதியைத்தான் நண்பர் விரும்புகிறாரா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

மறைப்பவர் பக்கத்துக்குப் பலமான சாட்சி வேண்டுமானால் மேல்நாட்டில் இருக்கிறது. நார்வே நாட்டு இப்சன் 1884இல் வெளியிட்ட 'காட்டு வாத்து' என்னும் நாடகத்தில், கிரேகர்ஸ் என்பவன் தன் பழைய நண்பனின் குடும்பத்துக்குள் நுழைந்து, அவன் மனைவியின் பழங்கதையை அவனுக்குத் தெரிவிக்கிறான். உண்மை குடும்பத்தைத் தூய்மைப்படுத்தும் என்பது அவன் நம்பிக்கை. நண்பன் தன் மகளையே வெறுத்து ஒதுக்குகிறான். அப்பதினான்கு வயதுப் பெண் தன்னைச் சுட்டுக்கொண்டு இறக்கிறாள். இதைப் படித்தவர் உண்மை பேசவே அஞ்சுவர். நாமும் அஞ்சியதுண்டு. எனினும் ஊன்றிப் பார்த்தால், கிரேகர்ஸ் அச்செய்தியால் தான் ஒன்றும் இழக்காதவன். தன் கொள்கை வெற்றி பெறுமா என்று பார்ப்பதிலேயே அவன் கண். ஆயர்பாடிப் பெண் வாய் பேசாது நின்றாளே, அந்த ஒரு நொடி நிற்பது அவனிடம் இல்லை. கைகேயி இலாபம் கருதிச் சொன்னாள். கிரேகர்ஸ் கொள்கை கருதிச் சொன்னான். இருவர் கையிலும் உண்மை அகப்பட்டது. அதற்காக உண்மையைப் பழித்து என்ன பயன்? அன்புள்ளவர்கள் சொல்லாது விட்ட இடத்தில்தான் இத்தகையோர் நுழைகின்றனர்.

கதை எழுதுவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியனுக்கு மறைப்பு வேண்டும். வாசகனுக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்தால், அப்பாத்திரம் சிரிக்கும்போதெல்லாம் வாசகன் அழுவான். தாய் இறந்தது தெரியாமல் மகன் மேடையில் பாடுவதைத் தமிழ்ச் சினிமாவில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர் யார்? அது கலைக்கு ஒரு வசதி. அவ்வசதிக்காக ஆசிரியன் தோழர்களை ஊமையாக்கி, அந்த ஊமைத்தனத்துக்குக் கருணை என்று பெயரும் சூட்டிவிடுகிறான். நூறு படம் பார்த்தபின் நமக்கும் அதுவே கருணை என்று பழகிவிடுகிறது. பெயரற்ற அப்பெண்ணைப் பேச வைத்த இளங்கோவடிகளை இவ்வகையிலும் நாம் வணங்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தோட்டத் தமிழனின் கதை முழுவதுமே புதிதாக வந்தவனிடம் மறைத்த கதைதான் என்றால் மிகையாகாது. ஆள் கட்ட ஊருக்குப் போன கங்காணி அயலான் அல்லன். பெரும்பாலும் உறவுக்காரன், ஒரே ஊரான். 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்த காலம் வரையில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறியவர்களுள் எத்தனையோ பேர் சொந்தக்காரன் வாயை நம்பி ஏறியவர்களே. கங்காணி மறைத்தது தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் காசுக்காக. ஆனால் விடுமுறையில் ஊருக்குப் போன சாதாரணத் தொழிலாளியும் மலைக்காய்ச்சலைப் பற்றியும் சாராயக்கடைக் கடனைப் பற்றியும் வாய் திறக்கவில்லை என்று நம் முதியோர் சொல்லுவர். புதுச் சட்டையோடு போனவனுக்கு உண்மையைச் சொல்ல வெட்கம். வெட்கத்தால் மறைப்பதும் பார்வைக்குக் கருணை போலவே இருக்கிறது.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்திருக்கிறது. அதனைத் தழுவி 2013இல் பாலா எடுத்த 'பரதேசி' படத்தின் முடிவை வாசகர் பலர் பார்த்திருப்பர். தோட்டத்திலிருந்து தப்ப முடியாமல் கிடக்கும் கணவன், புதிதாக வரும் கூட்டத்திலே தன் மனைவியும் குழந்தையும் வருவதைக் காண்கிறான். அவள் அவனைத் தேடி ஆசையோடு வருகிறாள். அவன் கதறுகிறான். கதறாமல், நல்ல இடந்தான் வா என்று சிரித்திருந்தால் அப்படத்தை நாம் பார்த்துச் சகித்திருப்போமா?

இங்கே ஒரு கடுமையான மறுப்பு உண்டு. கப்பல் திரும்பிப் போய்விட்டது, மலைப்பாதை அடைபட்டுவிட்டது. இனி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வருந்துவதைத் தவிர ஒன்றும் செய்ய இயலாதவனிடம் சொல்வது கொடுமையல்லவா? இம்மறுப்பை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். சயாம் ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர் அங்கே கொண்டு போகப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று சொல்லி அழைக்கப்பட்டோரும் உண்டு. வலுவில் பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. முடியுமுன் அவ்வாண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசிய நாவல்கள் இக்கொடுமையைக் களமாகக் கொண்டவை.

அத்தகைய முகாமுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்து சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப் போக வழியில்லை. அண்டையில் படுத்திருப்பவன் அவனிடம், இங்கே தினமும் சாகிறார்கள் என்று சொல்லலாமா? அதோடு நிறுத்திக்கொண்டால் கொடுமைதான். ஆனால், ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காதே என்று சொல்ல வேண்டுமானால், ஏன் என்று அவன் கேட்பான். ஏன் என்பதற்கு விடை அச்சாவுகளே. சாவை மறைத்தவன் தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கையையும் மறைத்தவன் ஆகிறான். ஒன்றும் செய்ய இயலாது என்று நாம் துணிந்த இடத்திலும், வந்தவனுக்குச் செய்வதற்கு ஏதோ ஒரு சிறு காரியம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. ஒன்றுமே மிஞ்சாத நிலையும் உண்டு. மரணப் படுக்கையில் கிடப்பவரிடம், உன் மகனும் போய்விட்டான் என்று சொல்லச் சொல்லி நாம் வாதிடவில்லை. ஆயினும், வாசலில் வந்து நிற்பவரையெல்லாம் மரணப் படுக்கையில் கிடப்பவராகவே நாம் நடத்திவிடுகிறோமே!

பேராக்கில் பால்மரம் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனை நிலங்களாகிவிட்டன. புதிதாக வருவோரும் மாறிவிட்டனர். இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வருகின்றனர், தமிழ்நாட்டிலிருந்தும் சிலர் வருகின்றனர். நாம் அறிந்த ஒரு தோட்டத்துக்குத் தமிழ்நாட்டு இளைஞன் ஒருவன் வந்தான். ஏஜெண்டு சொன்ன சம்பளம் வேறு, இங்கே கிடைக்கும் சம்பளம் வேறு. அறையில் ஏற்கெனவே இருந்த நால்வரும் இதனை அறிவர். வந்தவன் கலகலப்பானவன்; வீட்டு நகையை அடகு வைத்து வந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னான். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தம் சோற்றை அவனுக்குப் பங்கிட்டார்கள். குலை வெட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், அதில் நமக்கு ஐயமில்லை. மாத முடிவில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கிற்று. "வந்ததும் சொன்னால் மனசு உடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சோம்பா" என்றார் அவர்களுள் மூத்தவர்.

அந்த முப்பது நாளுக்குள் அவன் ஊரிலிருந்த தன் தம்பிக்குப் போன் செய்து, இடம் நன்றாயிருக்கிறது, அதே ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டிவிடு என்று சொல்லியிருந்தான். பணம் கட்டியாயிற்று, திருப்பித் தர ஏஜெண்டு மறுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்து சேர்ந்தான். அவன் வருகிற அன்று அறையிலே பெரிய பேச்சு. வந்தவுடன் சொல்ல வேண்டாம், பொடியன் பயந்துவிடுவான், ஒரு வாரம் போகட்டும் என்றனர் அந்நால்வரும். அண்ணன் பதில் சொல்லவில்லை. தம்பி குளித்துச் சாப்பிடும் வரையில் எதிரே உட்கார்ந்திருந்தான். பிறகு அவனை எடைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போய், விளக்கு வெளிச்சத்தில் தன் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினான்.